இருநூறு கெஜம்

போன வாரம் உங்களில் இரண்டு பேர் என்னிடம் ஒரு விதியின் வரைவைக் கொண்டுவந்து காட்டினீர்கள். நன்றாகத்தான் எழுதியிருந்தீர்கள். கிளம்பும்போது ஒருவர் சொன்னார்: "ஐயா, இதில் எந்த மதத்தின் பேரும் இல்லை. அதனால் யாருக்கும் பாரபட்சம் என்று ஒருத்தரும் வாய் திறக்க முடியாது." நீங்கள் போன பிறகு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பது வருஷத்துக்கு முன்னால், இதே வார்த்தைகளை நானும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு உங்கள் வரைவை நீங்களே இன்னொரு தரம் படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, தாமிரபரணிக் கரையில் இருந்த ஒரு சின்ன யூனியனில் குமாஸ்தா. ஊர்ப் பேரைச் சொல்லப்போவதில்லை. சம்பந்தப்பட்டவர்களின் பேரன்மார் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். நானும் அதே ஊர்க்காரன்தான். நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள்; மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ்தான் எனக்கு அந்த நாற்காலியை வாங்கிக்கொடுத்தது. இங்கிலீஷில் வருவதைத் தமிழில் எழுதுவதும், சேர்மன் பேசுவதை விதியாக எழுதுவதும் என் வேலை. சேர்மன் ஊரில் பாதி நஞ்சைக்குச் சொந்தக்காரர். எல்லோரும் அவரைப் பிள்ளைவாள் என்பார்கள்.

அந்த வருஷம் ஆற்றோரத் தெருக்களில் வாந்திபேதி கண்டு, வீட்டுக்கு ஒருவராக விழுந்தார்கள். நோய் தணிந்ததும் சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து ஆற்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இங்கிலீஷில் ஒரு குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போனார். ஆற்றுத் தண்ணீரைத்தான் ஊரே குடிக்கிறது, ஆகவே பிணங்கள் ஆற்றோரம் வராதபடி யூனியன் ஒரு விதி செய்துகொள்ள வேண்டும் என்பது சாரம். பிள்ளைவாள் அதை என் மேஜைமேல் போட்டார்.

"நீரே பாத்து எழுதும் வே. எனக்கு இந்த மாதிரி விஷயமெல்லாம் அருவருப்பு."

ஒரு மத்தியானத்தில் எழுதி முடித்தேன். "ஆற்றங்கரையிலிருந்து இருநூறு கெஜத்துக்குள் எவரும் எந்தப் பிரேதத்தையும் புதைக்கலாகாது." ஒரே வரி. எவரும், எந்தப் பிரேதத்தையும். அந்த இரண்டு சொற்களையும் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. சாதியும் இல்லை, மதமும் இல்லை. பிள்ளைவாள் படித்தார். வழக்கத்துக்கு மாறாக இரண்டு தரம் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அவர் எதையும் இரண்டு தரம் படிக்கிறவர் அல்ல. அது அப்போதே என் மனதில் உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை.

வரைவைச் சாவடிச் சுவரில் ஒட்டினோம். தண்டோராவும் போட்டாயிற்று. ஆட்சேபம் உள்ளவர்கள் ஒரு மாதத்துக்குள் எழுதித் தரலாம், அதன்பின் சப் கலெக்டர் வந்து விசாரித்து முடிவு செய்வார் என்பது ஏற்பாடு.

மூன்றாம் நாள் மைதீன் பிச்சை அண்ணாச்சி அலுவலகத்துக்கு வந்தார். கோரைப்பாய் வியாபாரி; பள்ளிவாசல் தெருவுக்கு அவர்தான் பெரியவர். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"இருநூறு கெஜம்னு யாரு வே சொன்னா?"

"இன்ஸ்பெக்டர் குறிப்புல வந்தது அண்ணாச்சி."

"நூத்தம்பதுன்னு வரல, இருநூத்தம்பதுன்னும் வரல. சரியா இருநூறுன்னு வந்திருக்கு."

"அவங்க கணக்கு அது. இதுல எந்த மதத்தோட பேரும் இல்ல, பாருங்க. யாருக்கும் பாரபட்சம்னு யாரும் சொல்ல முடியாது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு. "எங்க மையத்துகளப் பொதைக்கிற மையவாடி முழுசா உள்ள வருது. உங்க வேதக்காரங்க கல்லறைத் தோட்டம் முழுசா வெளிய நிக்கி. பிள்ளைவாள் கூட்டத்துக்குப் பொதைக்கிற சோலியே இல்ல. பேரு போடாமலே எழுதிட்டீரே, கெட்டிக்காரர்தான்."

அவர் போன பிறகு எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நோயைத் தடுக்க எழுதிய விதியில் இவர் எதைத் தேடுகிறார் என்று நினைத்தேன். அவர்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. யாராவது தூண்டிவிட்டிருப்பார்கள் என்று தோன்றியது. தெருவில் அவர் யாருடன் நின்று பேசுகிறார் என்று இரண்டு நாள் கவனித்தேன். வெட்கத்தோடுதான் இதைச் சொல்லுகிறேன்.

அடுத்த வாரம் அவருடைய தம்பி செத்துப்போனார். வாந்திபேதி இல்லை, நெஞ்சுவலி. மாலை நாலு மணி இருக்கும். தலையாரி மூச்சிரைக்க ஓடிவந்து என்னை அழைத்தான். போய்ப் பார்த்தால், மையவாடி வாசலில் பிணம் வைத்த சந்தூக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு நாலு பேர் நிற்கிறார்கள். பின்னால் தெருவே நிற்கிறது. முன்னால் பிள்ளைவாளின் பண்ணை ஆட்கள் ஏழெட்டுப் பேர் கம்போடு வழி மறிக்கிறார்கள். சுமந்து நின்றவர்கள் பாரத்தை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்கள்.

பண்ணையாட்களில் மூத்தவன் சொன்னான்: "தண்டோரா போட்டாச்சு. இங்கன குழி தோண்டக் கூடாதுன்னு ஐயா சொல்லியிருக்காரு."

மைதீன் பிச்சை என் பக்கம் திரும்பினார். "குமாஸ்தாவே வந்தாச்சு. கேக்கேன், சொல்லும். இது சட்டமா?"

எல்லாக் கண்ணும் என்மேல் இருந்தது. சட்டம் என்று சொல்லிவிட்டால் பிள்ளைவாளுக்குச் சந்தோஷம். என் நாற்காலிக்கும் ஆபத்தில்லை. சப் கலெக்டரைக் கேட்டுச் சொல்லுகிறேன் என்று நழுவியிருக்கவும் முடியும். ஆனால் பிணம் தோளில் இருக்கிறது, அவர்கள் வழக்கப்படி தாமதிக்கவும் கூடாது.

"இல்ல அண்ணாச்சி. அது வெறும் வரைவு. மேலிடம் ஒப்புக்கொள்ளுகிற வரைக்கும் பழைய வழக்கந்தான். நீங்க அடக்கம் பண்ணுங்க."

"எழுதித் தாரும்."

"என் வார்த்தை போதாதா?"

"போதாது."

சட்டைப்பையில் பென்சில் இருந்தது. தலையாரியின் முதுகில் காகிதத்தை வைத்து எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் எழுத்துக் கூட்டிப் படித்து, மடித்து மடியில் செருகிக்கொண்டார். பண்ணையாட்கள் விலகினார்கள். சந்தூக்கு உள்ளே போனது. அவர் மட்டும் ஒரு நிமிஷம் நின்றார்.

"எங்க குழியில மட்டும் விஷம் ஊறுது, உங்க குழியில தேனா வடியுது? அப்பிடித்தான வே எழுதி வச்சிருக்கீரு?"

அந்த வார்த்தை என்னை நேரே அலுவலகத்துக்கு விரட்டியது. இன்ஸ்பெக்டரின் குறிப்பை எடுத்து அண்ணாச்சியின் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும், 'பாரும், இருநூறு என்று அவர்தான் எழுதியிருக்கிறார்' என்று காட்ட வேண்டும் என்று நினைத்தேன். காகிதக் கட்டை அவிழ்த்தேன்.

குறிப்பில் இருநூறு என்று இல்லை. எந்த எண்ணும் இல்லை. 'போதிய தூரம்' என்று மட்டும் இருந்தது. தாளைத் திருப்பிப் பார்த்தேன். வேறு தாள் எங்காவது சொருகியிருக்கிறதா என்று தேடினேன். யாராவது தாளை மாற்றியிருப்பார்களோ என்றுகூட யோசித்தேன். இன்னொன்றும் கண்ணில் பட்டது. அவர் எழுதியிருந்த இங்கிலீஷ்ச் சொல், பிணத்தை எப்படி அப்புறப்படுத்தினாலும் பொருந்துகிற சொல். புதைப்பது, எரிப்பது, ஆற்றில் விடுவது எல்லாம் அதில் அடங்கும். அதை 'புதைத்தல்' என்று தமிழாக்கியவன் நான். எங்கள் வீட்டில் செத்தவர்களைப் புதைத்துத்தான் பழக்கம். கை தானாக அந்தச் சொல்லை எழுதியிருக்கிறது.

அப்படியானால் இருநூறு எங்கிருந்து வந்தது?

மறுநாள் காலையில் தலையாரியையும் அளவுச் சங்கிலியையும் கூட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். மையவாடி நூற்று நாற்பதாம் கெஜத்தில் தொடங்கி நூற்றுத் தொண்ணூறில் முடிந்தது. எங்கள் கல்லறைத் தோட்டத்தின் சுவர் இருநூற்று நாலில். என் அப்பாவின் குழி இருநூற்றுப் பத்தில். தலையாரி சங்கிலியைத் தளர்த்திப் பிடித்துவிட்டான் என்று சந்தேகப்பட்டு, அவனை ஆற்றோரம் நிறுத்தி நானே மறுமுனையைப் பிடித்து இன்னொரு தரம் அளந்தேன். அதே இருநூற்றுப் பத்து.

அப்பாவின் குழிமேல் உட்கார்ந்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. அவர் செத்த வருஷம் என் அம்மை அந்தக் குழிமேல் ஒரு அரளிச் செடி வைத்தாள். ஆற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவருவாள். நான் காலை நீட்டி எடுத்துவைக்கிற எட்டுகளை எண்ணிக்கொண்டே கூட நடப்பேன். இருநூறைத் தாண்டினால் அப்பா வந்துவிடுவார். அந்த எண் எனக்குள் எங்கேயோ கிடந்திருக்க வேண்டும். அதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய என்னால் இன்றும் முடியாது. அது இல்லை என்றும் சத்தியம் செய்ய முடியாது. ஊரில் எல்லோரையும் ஒரு வாரமாகச் சந்தேகப்பட்டிருந்தேன். சந்தேகப்பட வேண்டிய ஆளை மட்டும் விட்டிருந்தேன்.

பிள்ளைவாளிடம் போய்ச் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் வே. எரிக்கிறதை விட்டுட்டீரு, உம்ம தோட்டத்தை வெளிய நிறுத்திட்டீரு. ரெண்டு தரம் படிச்சேன்லா."

"அப்போ ஏன் பிள்ளைவாள் சொல்லல?"

"நீரா எழுதினது. எங்க சுடுகாடு தப்பிச்சுது. நான் எதுக்கு வாயத் தொறக்கணும்? நீரும் தொறக்காதேயும்."

அன்று சாயந்தரமே எங்கள் சபை உபதேசியார் வீட்டுக்கு வந்தார். பிள்ளைவாள் சொல்லி அனுப்பினாரோ, தலையாரி உளறினானோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. நல்ல மனிதர், எனக்கு ஞானஸ்நானத்தின்போது பேர் வைத்தவர். "பாக்கியம், நம்ம சபைக்கு ஒரு சேதாரமும் வரல. நீயா போயி வம்ப வெலைக்கு வாங்கப் போறியா? நாம இங்கன கொஞ்சம் பேரு. நமக்குன்னு ஒரு ஆளு அந்த ஆபீசுல இருக்கான்னு சனங்க தைரியமா இருக்கு" என்றார்.

அது பொய்யில்லை. அதனால்தான் எனக்கு அது பிள்ளைவாள் சொன்னதைவிடக் கனமாக இருந்தது.

விசாரணை நாளன்று பள்ளிக்கூடக் கொட்டகையில் ஊர் முழுக்க வந்திருந்தது. சப் கலெக்டர் அதிகம் பேசாதவர். ஆட்சேபங்களைப் படிக்கச் சொன்னார். மைதீன் பிச்சையின் மனுவை நான்தான் படித்தேன். முடித்ததும் அவர் கேட்டார்: "இந்த இருநூறு எங்கிருந்து வந்தது?"

பிள்ளைவாள் கூரையைப் பார்த்தார். உபதேசியார் தரையைப் பார்த்தார்.

"நான் போட்டது" என்றேன். "குறிப்பில் எண் இல்லை. என் தகப்பனார் குழி இருநூற்றுப் பத்தாம் கெஜத்தில் இருக்கிறது. விதியை எழுதிய பிறகுதான் அளந்தேன். புதைத்தல் என்கிற சொல்லும் நான் போட்டது. குறிப்பில் எரிப்பதும் சேர்ந்திருக்கிறது."

கொட்டகை இரைந்தது. பின்வரிசையில் ஒருவர், "சாயபுமாரு வெலைக்கு வாங்கிட்டாங்க" என்றார். எங்கள் ஆட்களில் ஒருவர் எழுந்து வெளியே போனார். எனக்கு ஆறுதலாக ஒரு முகமாவது தெரியும் என்று மைதீன் பிச்சையைப் பார்த்தேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இது எந்தப் புதுத் தந்திரம் என்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சப் கலெக்டர் இரைச்சல் அடங்கும்வரை காத்திருந்தார். "இப்போது எழுதச் சொன்னால் எப்படி எழுதுவாய்?"

அதை முந்தின நாள் முழுக்க யோசித்திருந்தேன். "தூரத்தை வைத்து எழுதமாட்டேன். மையவாடி ஆற்றுக்குக் கிட்டே இருந்தாலும் அதில் பெரும்பாகம் மேடு. எங்கள் தோட்டம் எட்டத்தில் இருந்தாலும் கீழ்ப்பாதி பள்ளம். பழைய வாய்க்கால் வழியாக வெள்ளம் உள்ளே வரும். முன்பு வந்த பெருவெள்ளத்தில் தண்ணீர் எதுவரைக்கும் ஏறியதோ, அதற்குள் புதைக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது. அவ்வளவுதான்."

இப்போது பிள்ளைவாள் எழுந்தார். சுடுகாடு படித்துறையை ஒட்டி, வெள்ளத்தின் வாயிலேயே இருந்தது. பரம்பரை வழக்கம், சாஸ்திரம், மதத்தில் சர்க்கார் தலையிடக் கூடாது என்று உரக்கப் பேசினார். ஒரு மாதமாக மையவாடிக்காக மைதீன் பிச்சை சொல்லிவந்ததைத்தான் அவரும் சொன்னார். அது அவருக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

"வெள்ளத்தோட எல்லைக் கோட்ட யாரு போடுவா?" என்று மைதீன் பிச்சை கேட்டார். "இந்தக் குமாஸ்தாதானா?"

"நான் வேண்டாம்" என்றேன். "தெருவுக்கு ஒருத்தர் வாங்க. சேர்ந்து நடந்து பாத்து நீங்களே எல்லைக்கல்லு நட்டுக்கிடுங்க. நான் சங்கிலியைத் தொடமாட்டேன்."

அப்படித்தான் நடந்தது. நாலு தெருவிலிருந்து நாலு பேர், ஒருவரை ஒருவர் நம்பாமல், மூன்று நாள் அந்தக் கரையில் அலைந்தார்கள். ஆற்று மண்டபத்தின் தூணில் இருந்த வண்டல் கறையைப் பார்த்தார்கள், சுவர்களில் இருந்த கறையைப் பார்த்தார்கள், குளத்துவேலை செய்கிற கிழவர்களைக் கேட்டார்கள். ஒருவர் வைத்த கல்லை இன்னொருவர் இரண்டு அடி தள்ளுவார். மூன்றாமவர் பழையபடி வைப்பார். நம்பிக்கையில் வைத்த கல் ஒன்றுகூட இல்லை. நாலு பேரும் சந்தேகப்பட்டு ஓய்ந்துபோன இடத்தில்தான் ஒவ்வொரு கல்லும் நின்றது. அதனால்தானோ என்னவோ, பிறகு யாரும் அதைப் பிடுங்கவில்லை.

மையவாடியில் தாழ்ந்த ஒரு மூலை போயிற்று, மீதி நின்றது. சுடுகாடு மேட்டுக்கு மாறியது. எங்கள் தோட்டத்தில் கீழ்ப்பாதி போயிற்று. பழைய குழிகளைத் தொடக் கூடாது, புதிதாக மட்டும் அங்கே தோண்டக் கூடாது என்று விதி வந்தது. பிள்ளைவாள் என்னை வேலையைவிட்டு நீக்கவில்லை. அதற்குப் பிறகு எட்டு வருஷம் என் பேரைச் சொல்லி அழைக்கவும் இல்லை. எங்கள் சபைக் கோவிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கொஞ்ச நாள் வேறு பெஞ்சுக்குப் போனார்கள்.

வீட்டில் சொல்லுவதுதான் கஷ்டமாக இருந்தது. அப்பாவின் குழிக்குப் பக்கத்தில் அம்மைக்கென்று இடம் விட்டிருந்தோம். அது எல்லைக்கல்லுக்குக் கீழே, பள்ளத்துப் பக்கம் போய்விட்டது.

அம்மை கேட்டாள்: "நீ எழுதினதா அது?"

"ஆமா."

"அந்தக் கல்ல ஒரு பத்து எட்டு கீழ தள்ளி நட முடியாதாக்கும்?"

"முடியாதும்மா."

இரண்டு நாள், சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். மூன்றாம் நாள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "மேட்டுல எனக்கு ஒரு எடம் பாத்து வையி. ஒங்க அப்பா இருக்கற பக்கம் பாக்குத மாதிரி."

உங்களுக்குச் சொல்லுகிறேன். வேண்டுமென்றே ஒருவரைக் கெடுக்க எழுதப்பட்ட விதியை எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள். நல்ல மனதோடு, அவசரத்தில், தன் வீட்டு வழக்கத்தை உலக வழக்கமாக நினைத்து எழுதிய விதியைத்தான் கண்டுபிடிக்க முடியாது. எழுதியவனுக்கே தெரியாது. அதனால் எவரும், எந்த, எல்லா என்கிற சொற்களைக் கண்டால் நான் நின்றுவிடுவேன். அந்தச் சொல்லுக்குள் யார் யார் நிற்கிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள், நான் எங்கே நிற்கிறேன் என்று நடந்துபோய்ப் பார்ப்பேன். உட்கார்ந்த இடத்தில் அது தெரியாது. ஆட்சேபம் சொல்ல வருகிறவர் கோபமாகத்தான் வருவார், உங்களை அவமானப்படுத்துவார். அவர் யார் தூண்டி வந்தார் என்று தேடாதீர்கள். நான் அதில் இரண்டு நாளை வீணாக்கினேன்.

மைதீன் பிச்சை அண்ணாச்சி என்னோடு சிநேகமாகிவிட்டார் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். இல்லை. எதிரே வந்தால் தலையை அசைப்பார், அவ்வளவுதான். அம்மை செத்தது நாலு வருஷம் கழித்து, ஒரு கார்த்திகை மாதம். மேட்டில் வைத்து அடக்கம் செய்துகொண்டிருந்தோம். ஜெபம் முடிகிற நேரத்தில் அவர் ஆற்றுப் பக்கமிருந்து தனியாக ஏறி வந்தார். வேட்டி முழங்கால்வரை சேறு. கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். ஜெபம் முடிந்ததும் என் பக்கத்தில் வந்தார்.

"கல்லுலயிருந்து எட்டு வச்சுப் பாத்துட்டுத்தான் வாரேன்" என்றார் பைய. "நாப்பத்திரண்டு எட்டு மேலதான் இருக்கு. சரியாத்தான் இருக்கு."

எங்கள் ஆட்களில் ஒருவருக்குக் கோபம் வந்து முன்னால் வந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வரவில்லை. அந்தச் சேற்றுக் காலைப் பார்த்தபோதுதான், காலையிலிருந்து வராத அழுகை வந்தது.

அண்ணாச்சி குனிந்து மூன்று பிடி மண் அள்ளி அம்மையின் குழியில் போட்டார். கையைத் தட்டிக்கொண்டு, வந்த வழியே இறங்கிப் போனார்.